எழுத்து தெரிய அடுக்கிய நாற்பது சாக்கு

மகனே,

இதைப் பிரித்ததும் உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ ஒரகடத்துக்குப் போய் இருபது நாளாகிறது. நான் போன் செய்தால் ‘ம்’ என்கிறாய், ‘சாப்ட்டேன்’ என்கிறாய், ‘ஷிஃப்டுக்கு டைம் ஆவுது’ என்கிறாய். உன் அம்மாவிடம் மட்டும் அரை மணி நேரம் பேசுகிறாய். பேசி முடித்து அவள் போனை என் கையில் தருவதற்குள் லைன் போய்விடுகிறது. டவர் இல்லையாம். ஒரே வீட்டில் அவளுக்குக் கிடைக்கிற டவர் எனக்கு மட்டும் கிடைக்காதா? சரி, போகட்டும். போனில் பேசினால் நான் இரண்டாவது வாக்கியத்திலேயே கத்துவேன், நீ மூன்றாவதில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது. கிழிப்பதானால் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

ஏரியைச் சுத்தம் செய்கிற யோசனை என்னுடையது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ரிட்டயர் ஆனதிலிருந்து காலையில் நடக்கிறேன் பேர்வழி என்று கரைமேல் போய்விட்டு வருவேன் அல்லவா, நடந்த நேரத்தைவிட நின்று வயிறெரிந்த நேரம்தான் அதிகம். டீக்கடைக் கப்பு, தண்ணீர்ப் பாக்கெட், பிரியாணி வந்த வெள்ளிக் கவர், குவார்ட்டர் பாட்டில், குழந்தைகளின் டயப்பர், யார் வீட்டிலிருந்தோ கிழித்துப்போட்ட மெத்தை. வரத்துக்கால்வாயில் தண்ணீருக்கு வழியே இல்லை. வீட்டுக்கு வந்து தினமும் இதையே புலம்பினேன். ஒருநாள் உன் அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே, “தெனிக்கும் இத்தயே சொல்லிக்கினு கீறியே, போயி நாலு பேர இட்டுக்கினு வந்து பொறுக்கிப் போடேன். எங் காதாவது மிச்சமாவும்” என்றாள். அவள் சொன்னது என்னை வாயடைக்க. நானோ அதைப் பிடித்துக்கொண்டு குடியிருப்போர் சங்கத்துக் கூட்டத்துக்குப் போய்விட்டேன்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி உனக்கு நான் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் அன்றே நீ தடுத்திருப்பாய். இரண்டு மணி நேரம் பேசினோம். அதில் ஒன்றரை மணி நேரம் பேனரைப் பற்றி. பேனரில் யார் படம் மேலே, யார் படம் கீழே, செயலாளர் படத்தில் கண்ணாடி போட்டிருக்க வேண்டுமா வேண்டாமா. பிளாஸ்டிக் பொறுக்கப் போகிறோம், அதற்கு எதற்கையா பத்தடிக்குப் பிளாஸ்டிக் பேனர் என்று கேட்டேன். “பேனர் இல்லாத இன்னா சார் ப்ரோக்ராம்? நாளிக்கு நாமதான் செஞ்சோம்னு எவனுக்குத் தெரியும்?” என்றார் செயலாளர். இரண்டாவது தெருக்காரர் ஒருவர் எழுந்து, குப்பை பூராவும் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த பசங்கள் போடுவது, அவர்களைக் கூப்பிட்டுக் கண்டித்தால் போதும் என்றார். அவர் வீட்டுப் பேத்தியின் டயப்பரை அவர் ஸ்கூட்டரிலிருந்தே கால்வாயில் வீசுவதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். சொல்லியிருக்கலாம். சம்பந்தி முறை ஆகிற மனிதராயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது, பார்.

சாக்கு விஷயத்துக்கு வருகிறேன். கடையில் வாங்கிய கறுப்புக் குப்பைப் பைகளில் பாட்டில் போட்டால் அரை நிமிஷத்தில் கிழிகிறது. கெட்டியான சாக்கு வேண்டும். சிப்காட்டில் இருபத்தேழு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு வேறு எந்தச் சாக்கு நினைவுக்கு வரும்? பிளாஸ்டிக் குருணை வருகிற வெள்ளைச் சாக்கு. ஒரு சாக்கில் இரண்டு ஆளை உட்காரவைத்துத் தூக்கலாம், கிழியாது. நான் வேலை பார்த்த அதே கம்பெனியில், அதே சாக்குகளைக் காலி செய்கிற மோல்டிங் செக்‌ஷனில் நீ ட்ரெயினி. போனைப் போட்டேன். “காலி சாக்கு ஒரு நாப்பது எடுத்துக்கினு வா” என்றேன். நீ, “கேட் பாஸ் வோணுமே நைனா” என்றாய். “காலி சாக்குக்கு இன்னாடா கேட் பாஸ்? எம் பேரச் சொல்லு, வுடுவாங்கோ” என்றேன்.

என் பேரைச் சொல்லு! இதைச் சொன்ன வாயில் எதைப் போட்டு அடைப்பது? நீ சின்னப் பையனாக இருந்தபோது சோறு போட்ட தட்டுக்கு முன்னால் உட்காரவைத்து எத்தனை முறை சொல்லியிருப்பேன்: ஜெனரல் மேனேஜர் காரில் ஒரு முழம் பைப் இருந்தது, கேட் பாஸ் இல்லை, காரையே திருப்பி அனுப்பினேன், மறுநாள் அவரே என்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார் என்று. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு உனக்கு மனப்பாடம். ஒரு துரும்பு வெளியே போனாலும் சீட்டு வேண்டும் என்று உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவன், ஏரிக்காகத்தானே என்று சொல்லிக்கொண்டு உன்னை மூன்று நாள் பைக்கில் சாக்குக் கட்டோடு கேட்டைத் தாண்டவைத்தேன். நல்ல காரியம் என்று நினைத்துவிட்டால் மனுஷனுக்கு விதிமுறை எல்லாம் அடுத்தவனுக்கு எழுதியது போலத் தோன்றிவிடுகிறது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி, “ஸ்டோர் சார் பையந்தானே, போ போ” என்றாராம். அந்த மனுஷனையும் இப்போது வேறெங்கோ மாற்றிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். ஆடிக் கூழ் ஊற்றுவதற்கு முந்தைய ஞாயிறு. நாஷ்டாவுக்கு அறுபது பேர் வந்தார்கள். பொங்கல், வடை முடிந்து, க்ளவுஸ் மாட்டிப் போட்டோ எடுத்து முடிந்ததும் எண்ணினேன், பதினெட்டுப் பேர். நாஷ்டா தின்ற தட்டுகளையே கரையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இத்தனை பேஜாரு எதற்கு என்று அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. யாரைக் கண்டிக்கச் சொன்னார்களோ அந்த ஒடிசாப் பசங்கள் ஐந்து பேர், யாரும் கூப்பிடாமல் வந்து, பேச்சில்லாமல் மதியம் வரை கூட நின்றார்கள். நீ கால்வாயில் இடுப்பளவு இறங்கி அந்த மெத்தையைத் தனியாக இழுத்துக் கரையேற்றினாய். தண்ணீர் ஒரு சத்தத்தோடு ஓடத் தொடங்கியது. நான் உன்னைப் பார்த்து, “செருப்பக் கழட்டிட்டா எறங்கின, பாட்டில் கிழிச்சா தெரியும்” என்று கத்தினேன். உண்மையில் அப்போது, என் பையனைப் பாருங்கள் என்று ஊரையே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது எனக்கு. அதைச் சொல்லியிருக்கலாம். நமக்குத்தான் திட்டுவதைத் தவிர எதுவும் சுலபமாக வராதே.

பிறகு நான் செய்த வேலைதான் வேலை. நாற்பது சாக்கும் நிரம்பின. மற்றவர்கள் கண்ட இடத்தில் போட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். நான் விடவில்லை. ஸ்டோரில் அடுக்குகிற மாதிரி ரோட்டோரமாக வரிசையாக, எட்டு எட்டாக, ஐந்து வரிசை. ஒவ்வொரு சாக்கையும் திருப்பி, எழுத்து வெளிப்பக்கம் தெரிய வைக்கச் சொன்னேன். சரக்கு அடுக்கினால் பேரும் லாட் நம்பரும் வெளியே தெரிய வேண்டும், உள்பக்கம் திருப்பி வைத்தவனை நான் ஸ்டோருக்குள் விட்டதே இல்லை. நீகூட, “குப்பைதானே நைனா, எப்படி இருந்தா இன்னா?” என்றாய். “செய்றத ஒழுங்கா செய்” என்று உன்னை அதட்டி, கடைசி வரிசையை உன் கையாலேயே திருப்பி வைக்கவைத்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். ரோட்டில் போகிற எவனுக்கும் ஐம்பதடியிலிருந்தே கம்பெனிப் பேர் நீல எழுத்தில் நாற்பது தடவை தெரிந்தது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெருமைப்பட்டேன்.

திங்கட்கிழமை டிராக்டர் வரும் என்று ஊராட்சி ஆபீசில் வாயால் சொல்லியிருந்தார்கள். எழுதி வாங்கினேனா? இல்லை. இருபத்தேழு வருஷம் வாய்ப்பேச்சை நம்பி ஒரு நட்டு போல்ட் கொடுக்காதவன், நாற்பது சாக்குக் குப்பையை வாய்ப்பேச்சை நம்பி நடுரோட்டில் வைத்தேன். திங்கள் வரவில்லை. டிரைவர் லீவு. செவ்வாய் டயர் பஞ்சர். புதன் தண்ணீர் வண்டிக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை போனபோது அங்கிருந்த அம்மா, “இன்னா சார் நீங்க, நாங்களா உங்கள பொறுக்கச் சொன்னோம்?” என்று கேட்டார். அதற்குள் நாய்கள் இரண்டு சாக்கைப் பிரித்துவிட்டன. ஞாயிறு கூழ் ஊற்றினார்கள். கூழ் குடித்த கப்பு அத்தனையும், கருவாட்டுக் குழம்பு வந்த கவர் அத்தனையும், நம் சாக்குகளைச் சுற்றி மலையாகக் கிடந்தது. ஒரு பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். “குப்ப போட்ற எடம்னு நெனச்சோம் சார், அதான் மூட்ட மூட்டயா அடுக்கி வெச்சிகீறாங்களே” என்றாள். அவளை எப்படித் திட்டுவது? குப்பை சிதறிக் கிடந்த ஊருக்கு முறையான குப்பைமேடு ஒன்றை அமைத்துக்கொடுத்திருந்தேன்.

யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டான். ‘ஏரியில் கழிவைக் கொட்டும் கம்பெனி’ என்று தலைப்பு. படத்தில் நாற்பது சாக்கிலும் கம்பெனிப் பேர் தெளிவாக விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமை கம்பெனி ஆட்கள் வந்து லாட் நம்பரைக் குறித்துக்கொண்டு போனார்கள். எந்த லைனில், எந்த வாரத்தில் பிரித்த சாக்கு என்று அந்த நம்பரே சொல்லிவிடும். அப்படிக் கண்டுபிடிக்க வசதியாக எழுத வேண்டும் என்று பழைய மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கியவனே நான்தான். கேட்டின் கேமராவில் நீ மூன்று நாளும் பைக்கில் போவது இருந்தது. அன்று மூன்றரைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து, வண்டியைக்கூட ஸ்டாண்ட் போடாமல் சொன்னாய். “யாருக்கு எடுத்தன்னு கேட்டாங்கோ நைனா. எனக்குத்தான், ஊட்டு வேலைக்குன்னு சொல்லிட்டேன். நாளிக்கு எழுதித் தரச் சொல்லிகீறாங்கோ.”

இப்போது நான் எழுதப்போவதை உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அன்று காலையில்தான் ஊராட்சித் தலைவர் போன் செய்து, ஏரியைச் சுத்தம் செய்ததற்காக ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் எனக்குச் சால்வை போடப்போவதாகச் சொல்லியிருந்தார். அதை நினைத்தேன். கம்பெனிக் கேட்டில் இன்றும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள், அதே கேட்டில் போய், கேட் பாஸ் இல்லாமல் எடுத்துவரச் சொன்னது நான்தான் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். உன் வேலை நிரந்தரமாகிற கன்ஃபர்மேஷன் அந்த மாதம் வரவேண்டியது. உனக்குப் பேசி வைத்திருந்த பொதட்டூர்பேட்டைப் பெண் வீட்டார் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். அதெல்லாம் எனக்கு மூன்றாவதாகத்தான் நினைவுக்கு வந்தது. “எழுதிக் குடுத்துடு. சின்ன மேட்டரு. வார்னிங் குடுத்து வுட்ருவாங்கோ” என்றேன். சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன்.

வார்னிங் கொடுக்கவில்லை. நீயே ராஜினாமா எழுதிக்கொடு, இல்லாவிட்டால் திருட்டு என்று எழுதி அனுப்புவோம் என்றார்கள். நீ எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். அப்போதும் எனக்குப் புத்தி வந்ததா? உன்மேல் பாய்ந்தேன். “ஏண்டா, ஏரி சுத்தம் பண்ண எடுத்தேன்னு உண்மைய எழுத வேண்டியதுதானே? உன்ன எவன் ஊட்டு வேலைக்குன்னு சொல்லச் சொன்னது?” என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாய், “நீ வந்து சொல்லுவேன்னு நெனச்சேன் நைனா.” அவ்வளவுதான் சொன்னாய். இரண்டு நாளில் ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாய்.

கிராம சபைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும் டிராக்டர் தானாக வந்தது. ஒன்றரை மணி நேர வேலை, மலை மொத்தமும் போய்விட்டது. நான் போய்ச் சால்வையை வாங்கிக்கொண்டேன். ஆமாம், வாங்கிக்கொண்டேன். ‘இளைஞர்களுக்கு வழிகாட்டி’ என்று மைக்கில் சொன்னார்கள். கீழே நாலு பேர் கை தட்டினார்கள். உன் அம்மா வரவில்லை. வீட்டுக்கு வந்து சால்வையை நாற்காலியில் போட்டதும், “உம் புள்ளயக் கேட்டுக்குள்ள நிக்க வெச்சி வாங்கினியே, அத நீயே மடிச்சி வெச்சிக்கோ” என்றாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. அவள் மூன்று நாள் எனக்குச் சோறு போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது மகனே. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

நாலாம் நாள் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் எழுந்து நின்றார்கள், உட்காரச் சொன்னேன். பர்சனல் ஆபீசில் இப்போது ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்துவிட்டு, “சார், அது க்ளோஸ் ஆன ஃபைல் சார். இப்ப இத வெச்சி நாங்க இன்னா பண்றது?” என்றாள். ஒன்றும் பண்ண வேண்டாம், வாங்கிக்கொண்டதற்கு இன்வர்டு சீல் போட்டுக் காப்பி கொடு என்றேன். முடியாது என்றாள். முடிகிற வரை உட்கார்ந்திருப்பேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். மதியம் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, தொல்லை விட்டால் போதும் என்று சீல் போட்டுக் கொடுத்தாள். வேலை திரும்பக் கிடைக்காது. அதையும் அவள் சொல்லிவிட்டாள். மாற்றப்பட்ட அந்தச் செக்யூரிட்டியின் பேரையும் அதில் எழுதி, அவர் என்னை நம்பித்தான் விட்டார் என்று சேர்த்திருக்கிறேன்.

அதோடு விடவில்லை. பொதட்டூர்பேட்டைக்கும் போனேன். கம்பெனியில் திருடி மாட்டிக்கொண்டான் என்கிற பேச்சு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இந்த மாதிரிச் சேதிக்கு மட்டும் டிராக்டர் வேண்டியதில்லை. பெண்ணின் அப்பா திண்பண்டம் எதுவும் வைக்கவில்லை, தண்ணீர் மட்டும் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சரி, பையன அங்க ஒக்கார வெச்சி விசாரிச்சிக்கினு இருந்தப்போ நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்கோ?” என்றார். “ஊட்ல பேப்பர் படிச்சிக்கினு இருந்தேன்” என்றேன். கதவருகே நின்றிருந்த பெண் என்னைப் பார்த்த பார்வை, நீ ஷூ கழற்றியபோது பார்த்திருக்க வேண்டிய பார்வை. பெண்ணைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லப்போவது உண்மை தெரிந்து சொல்வதாக இருக்கும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் அப்பனாயிற்றே, சொல்லாமல் விடமாட்டேன். அடுத்தவன் செய்ததற்கு நீ எழுதிக்கொடுக்காதே. அந்த அடுத்தவன் உன் அப்பனாக இருந்தாலும் எழுதிக்கொடுக்காதே. ‘நீ வந்து சொல்லு’ என்று என் முகத்துக்கு நேரே நீ கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் நின்று பார்த்தாயே, அது என்மேல் இருந்த மரியாதை என்று எனக்குத் தெரியும். அந்த மரியாதைக்கு நான் ஆள் இல்லை என்று அன்றைக்கு உனக்குத் தெரிந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தோடு அந்தச் சீல் போட்ட காப்பியை வைத்திருக்கிறேன். புது இடத்தில் முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டால் காட்டு. நாற்பது சாக்கும் நான் கேட்டது, நான் எடுக்கவைத்தது, உன் பேரில் நீ எழுதிக்கொடுத்தது பொய் என்று அதில் இருக்கிறது. படித்துப் பார், ஒரு வார்த்தை தப்பாக இருந்தாலும் சொல், வேறு எழுதி மறுபடியும் போய் அந்தப் பெஞ்சில் உட்காருகிறேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது. உன் கையெழுத்துக்கு இடம் விடவில்லை.

உன் நைனா